அம்மாவின் அறையில் ஒரு புகைக்கூடு

2013 டிசம்பரில் ரொறன்ரோவில் உறைமழை பெய்து கரண்ட் போனதை இங்கிருப்பவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நத்தாருக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். எங்கள் வீட்டுக்கு காஸ் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஃபேர்னஸ் வேலை செய்யவும் அதன் சூட்டை அறை அறையாகத் தள்ளவும் கரண்ட் வேணுமே! மூன்று இரவு ஜாக்கெட்டோடு படுத்தோம். அன்றிலிருந்து என் மனைவிக்கு ஒரே பிடி: கரண்ட் இல்லாமலும் எரிகிற காஸ் ஃபயர்பிளேஸ் ஒன்று வேண்டும்.

தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, போன இலையுதிர்காலத்தில்தான் அதைச் செய்தோம். நான் எழுத வந்தது ஃபயர்பிளேஸைப் பற்றி அல்ல, அதன் குழாயைப் பற்றி.

எங்கள் வீடு செமி. ஃபயர்பிளேஸ் வைக்க இடம் இருந்தது பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில்தான். வெளிச்சுவராக இருந்தால் குழாயைப் பக்கவாட்டில் வெளியே விட்டிருக்கலாம். இதில் ஒரே வழி, நேரே மேலே கொண்டுபோய்க் கூரையால் வெளியே விடுவது. மேலே இருப்பது அம்மாவின் அறை. சரியாக அவருடைய உடுப்பு அலுமாரியின் மூலை.

விஷயம் கேள்விப்பட்டு என் மச்சான் போன் எடுத்தார். "குழாய் விடுறதுக்கு லைசென்ஸ்காரன் எதுக்கு மச்சான்? நான் ரெண்டு வீட்டுக்குச் செய்து குடுத்தனான். பாதிக் காசிலை முடிக்கலாம்."

மச்சான் கைவேலை தெரிந்தவர். எங்கள் பேஸ்மெண்டைக் கட்டி முடித்ததே அவர்தான். அப்படிப்பட்டவரிடம் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தப் பாதிக் காசில் ஆசை இருந்தது.

அம்மாதான் கேட்டார்: "தம்பி, அந்தக் குழாய்க்குள்ளாலை என்ன போகும்?"

"புகைதான் அம்மா."

"நான் படுக்கிற அறைக்குள்ளாலையோ?"

பிறகு ஏன் யோசிப்பான்? மச்சானுக்குச் சொன்னேன். "மணம் வந்தால் தெரியும்தானே," என்றார், கொஞ்சம் கோபத்தோடு. நம்மில் பலர் நினைப்பதும் அதுதான். காஸுக்கு மணம் உண்டு. கசிந்தால் தெரியட்டும் என்று சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் காஸ் சரியாக எரியாவிட்டால் வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஒன்ராறியோவில் காஸ் வேலை செய்பவருக்கு டி.எஸ்.எஸ்.ஏ.யின் சான்று இருக்கவேண்டும். அப்படி ஒருவரைப் பிடித்தோம். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில்தான் எனக்குப் பல விஷயம் விளங்கியது.

நாங்கள் வாங்கியது டைரக்ட் வென்ட் வகை. முன்கண்ணாடி இறுக்கமாக மூடியிருக்கும். குழாய்க்குள் இன்னொரு குழாய்: உள்குழாயால் எரிந்த காற்று வெளியே போகும், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியால் எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரும். வீட்டுக்குள் இருக்கும் காற்றை அது தொடுவதில்லை. குழாய்த் துண்டுகள் எல்லாம் ஃபயர்பிளேஸ் கம்பனியின் கைநூலில் சொன்னவையாகவே இருக்கவேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று வேறொன்றைப் பொருத்தக்கூடாது.

குழாயைச் சுற்றி மரம் படாமல் இடைவெளி விடவேண்டும். எங்களுடையதற்கு ஓர் அங்குலம். அந்த இடைவெளியில் பஞ்சு அடைக்கக்கூடாது. அது வெறுமையாகவே இருக்கவேண்டும். ஒவ்வொரு தட்டிலும் துளை போட்ட இடத்தில் ஒரு தகரத் தட்டு. தீப்பிடித்தால் அந்த ஓட்டையால் மேல்மாடிக்கு ஏறாமல் தடுப்பதற்கு. அட்டிக்கில், அங்கே கொட்டிக்கிடக்கும் பஞ்சு குழாயில் படாமல் ஒரு கவசம். கூரையில் தண்ணீர் இறங்காமல் தகடும் அதற்குமேல் ஒரு வளையமும். மூடி எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்பது கூரையின் சரிவைப் பொறுத்தது. பனி குவிந்தாலும் அது மூடுப்படக்கூடாது.

கடைசியாகத் தீயைப் பற்றவைத்துப் பார்த்தார். குழாய் உயரம் என்பதால் காற்று பலமாக இழுத்து, சுவாலை மெலிந்து துள்ளியது. உள்ளே இருந்த ஒரு தகட்டை அளவாகத் திருப்பியதும் அடங்கி, நிதானமாக எரிந்தது. திருப்பாமல் விட்டிருந்தால் நாங்கள் காசு கட்டுகிற சூட்டில் பாதி கூரைக்குப் போயிருக்கும் என்று சிரித்தார்.

செய்யப்போகிறவர்களுக்கு மூன்று விஷயம். கரண்ட் இல்லாமல் பற்றுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். எல்லா மொடலும் பற்றாது. குழாயைப் பலகை வைத்து மூடும் முன்பு படம் எடுத்து வையுங்கள். நகரசபையிடமும் வீட்டுக் காப்புறுதிக் கம்பனியிடமும் முன்கூட்டியே பேசுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். 2014 முதல் ஒன்ராறியோவில் அது சட்டம். எங்களுடையது அம்மாவின் அறை வாசலில்.

மச்சான் இரண்டு கிழமை கதைக்கவில்லை. பிறகு அம்மாவே போன் பண்ணி, "தம்பி, குழாயைச் சுத்திப் பெட்டி அடிக்கவேணும், உன்னை விட்டால் ஆர் இருக்கினம்?" என்றார். வந்தார். நான் சொல்லாமலே அந்த ஓர் அங்குலத்தை அளந்து விட்டு அடித்தார்.

அம்மாவின் பெரிய சூட்கேஸ் இப்போது அந்த மூலையில் நிற்காது. வாரம் ஒருதரமாவது அதைச் சொல்லிக் காட்டுவார்.