தஞ்சம்னு கேட்டு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?

2025 மே. தண்டனையை அனுபவிச்சு முடிச்ச ஈழத்தமிழர் ஒருத்தர், "இலங்கைக்கு அனுப்பாதீங்க, உயிருக்கு ஆபத்து"ன்னு உச்சநீதிமன்றத்துல கேட்டார். மனைவி, பிள்ளைங்க இங்கதான். கிடைச்ச பதில்? இந்தியா தர்மசத்திரம் இல்லையாம், வேற நாட்டுக்குப் போகணுமாம்!

நீதிபதிகளை மட்டும் திட்டி என்ன பயன்? அவர் சொல்ற ஆபத்து உண்மையான்னு யார் விசாரிக்கணும், எதை வச்சு முடிவு பண்ணணும்? அதுக்கு இங்க அகதிகள் சட்டமே கிடையாது தோழர்களே. 1951 அகதிகள் ஒப்பந்தத்துலயும் இந்தியா கையெழுத்துப் போடல.

சரி, 2019ல குடியுரிமைச் சட்டத்தைத் திருத்துனாங்களே? பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணும் இருக்கு. கூப்பிடு தூரத்துல இருக்குற இலங்கை மட்டும் கண்ணுக்குத் தெரியல! முகாம்லயே பிறந்து வளர்ந்த பிள்ளைங்க பலர் இன்னிக்கும் 'வெளிநாட்டவர்'.

ஒன்றிய அரசே, அகதிகளுக்கான சட்டம் எப்போது?

#அகதிகள்சட்டம்_எங்கே