சென்னையில் வரி, விழுப்புரத்தில் விலை!

திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடை. தாயும் மகளும் நிற்கிறார்கள். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். செல்போன் இல்லாமல் முடியாது. விலையைக் கேட்டதும் தாய் திகைக்கிறாள். "விழுப்புரம் போனால் குறையுமா?" என்று கேட்கிறாள்.

குறையாது. விலையில் ஒரு பங்கு திண்டிவனத்திலும் முடிவாகவில்லை, விழுப்புரத்திலும் முடிவாகவில்லை. வெளிநாட்டுச் சாமான் சென்னையில் வந்து இறங்கும்போதே அதன்மேல் வரி ஏறிவிடுகிறது. அதுதான் இறக்குமதி வரி. வரியைக் கட்டுபவர் வியாபாரி. ஆனால் அதைச் சுமப்பது யார்? கடைசியில் வாங்குகிற குடும்பம்தான்!

வரி மேல் வரி

செல்போன் இறக்குமதி வரி 2017 டிசம்பரில் 10 சதவீதத்திலிருந்து 15 ஆயிற்று. 2018 பிப்ரவரியில் 20 ஆயிற்று. 2024 ஜூலை பட்ஜெட்டில் மறுபடி 15 ஆகக் குறைந்தது.

10,000 ரூபாய் செல்போன் ஒன்று வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத வரி 2,000 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீதம் கூடுதல் வரி 200 ரூபாய். ஆக 12,200 ரூபாய். இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 14,396 ரூபாய். கடைக்காரரின் லாபம் இன்னும் சேரவில்லை!

வரி 15 சதவீதமானால் இதுவே 13,747 ரூபாய். வித்தியாசம் 649 ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது சின்னப் பணமா?

வேலி எதற்கு?

வரியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2014-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இன்று அதே வட்டாரத்தில் செல்போன் ஆலைகள் ஓடுகின்றன. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே சம்பாதிக்கிறார்கள். உள்நாட்டுத் தொழிலுக்கு வரி ஒரு வேலி. சர்க்காரின் ஊக்கத் தொகையும் அதற்குத் துணை நின்றது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே செய்யும் செல்போனுக்கும் பல உறுப்புகள் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. அவற்றுக்கும் வரி உண்டு. வெளிநாட்டுச் சாமான் விலை ஏறினால், உள்நாட்டு ஆலையும் தன் விலையை ஏற்ற இடம் கிடைத்துவிடுகிறது.

குடும்பத்தின் கணக்கு

ஒரு சாமானின் விலை ஏறுவது வேறு. விலைவாசி ஏறுவது வேறு. வரி ஒரு முறை ஏறினால் விலையும் ஒரு முறை ஏறி நிற்கும். ஆனால் 2017 டிசம்பரில் டி.வி.க்கும், 2018 செப்டம்பரில் பிரிட்ஜ், ஏ.சி.க்கும் வரி 10-லிருந்து 20 சதவீதமாயிற்று. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஏறினால் குடும்பச் செலவு தாங்குமா?

கன்றுக்கு முள்வேலி வேண்டும். மரமான பிறகும் அதே வேலி எதற்கு? தொழில் வளர வளர, வரி படிப்படியாக இறங்க வேண்டும். வரி இறங்கினால் கடையில் விலையும் இறங்க வேண்டும். இறங்கியதா என்று சர்க்கார் பார்க்க வேண்டும். வேலியே பயிரை மேயக்கூடாது!