கூடு கட்ட மனமில்லாதவர்கள் தயவுசெய்து கோழி வாங்காதீர்கள்

நீண்ட பதிவு. வகுப்பில் என்னை நாற்பத்தைந்து நிமிடம் பொறுத்தவர்கள் நீங்கள். இன்று பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் பழைய மாணவர். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். "சார், நீங்க போடுற கோழிப் படங்களைப் பாத்துட்டு நானும் இருபத்தஞ்சு குஞ்சு வாங்கினேன். இப்ப மூணுதான் மிச்சம். கோழி நமக்கு ராசியில்ல சார்" என்றார். எதிர் இலையில் இருந்த என் மைத்துனர் விடுவாரா? "தம்பி, அத்தானுக்கு பென்ஷன் வருது, பொழுது போகல, கோழி மேய்க்கிறாரு. நமக்கு எதுக்குப்பா அந்த நாத்தம்?" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. கோழி மேய்வதையும் முட்டை கிடப்பதையும் படம் எடுத்துப் போட்டேனே தவிர, கூட்டை ஒரு நாளும் காட்டவில்லை. அதைப் பார்த்து நீங்கள் ஆசைப்பட்டால் பழி யாருக்கு?

மாணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ராத்திரி எங்கே அடைச்சே?" "அடைக்கல சார். நாட்டுக்கோழிதானே, முருங்கை மரத்துல ஏறிப் படுத்துக்கும்னு விட்டுட்டேன்." வாங்கியது ஒரு மாதக் குஞ்சுகள். தாய்க்கோழி இல்லை. மரத்தில் ஏற யார் சொல்லித் தருவார்கள்? முதல் வாரம் பூனை, அடுத்த வாரம் கீரி, மழை பெய்த ராத்திரியில் மொத்தமாக ஏழு. இதற்குப் பெயர் ராசியா? இருபத்திரண்டு உயிர் போனது, பழியை ராசியின் மேல் போட்டாயிற்று!

கோழி பகலில் கெட்டிக்காரி. நிறங்களை நம்மைவிட நன்றாகப் பிரித்துப் பார்க்கும் கண் அதற்கு. பருந்தின் நிழல் தரையில் விழுந்தாலே குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் செடிக்கடியில் சேர்த்துவிடும். இருட்டினால் கதை வேறு. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சிச் செல்கள் அதன் விழித்திரையில் குறைவு. ஒன்பதாம் வகுப்பில் குச்சிச் செல், கூம்புச் செல் படம் வரைந்தீர்களே, நினைவிருக்கிறதா? அந்தி சாய்ந்த பிறகு கோழி ஏறக்குறைய குருடு. கீரி பகலில் வரும், நாயும் பூனையும் எப்போதும் வரும், மரநாய் இருட்டில்தான் வரும். ஆகவே கோழி வளர்ப்பவர் அதற்குத் தர வேண்டிய முதல் பொருள் தீவனம் அல்ல, பயமில்லாத ராத்திரி. அதைத் தர முடியாதவர் முட்டையை மட்டும் எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

"அந்தக் காலத்துல எங்க பாட்டி கூடு கட்டியா வளர்த்தாங்க?" என்று கேட்பீர்கள். கேட்டு முடித்தவர்கள் கொஞ்சம் நினைத்தும் பாருங்கள். திண்ணைக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும். வாயில் ஒரு பலகை, அதற்கு முட்டாக ஒரு கல். அது என்ன? கோழிக்கூடு. குஞ்சுக்கோழிக்குப் பஞ்சாரம், அடைக்கோழிக்கு உள்நடையில் மணல் பரப்பிய பழைய கூடை. திண்ணையில் தாத்தா படுத்திருப்பார். கோழி ஒரு சத்தம் போட்டால் கைத்தடியோடு எழுந்துவிடுவார். பாட்டி கூடு கட்டவில்லை, உண்மைதான். வீட்டைக் கட்டும்போதே கோழிக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நாம் திண்ணையை இடித்தோம், முற்றத்தை மூடினோம், வாசல் முழுக்க சிமெண்ட் போட்டோம், கதவைச் சாத்திக்கொண்டு ஏசியில் படுத்தோம். கோழி மட்டும் பாட்டி காலத்துக் கோழியாக வெளியே பிழைத்துக்கொள்ள வேண்டுமாம்!

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவுதான். 2009-இல் எங்கள் பழைய வீட்டின் திண்ணையை இடித்து கார் நிறுத்த இடம் பண்ணியவன் நானே. பொந்தை இடிக்கும்போது கொத்தனார் உள்ளேயிருந்து ஒரு பழைய தண்ணீர்ச் சட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். அம்மா வைத்தது. குப்பையில் போடச் சொன்னேன்.

2017-இல் ஓய்வு பெற்றதும் ஒன்பது கோழிகள் வாங்கினேன். மகன் வெளியூர் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே குறைந்துவிட்டது. அவற்றுக்குப் பெயர் வைத்தது என் மனைவிதான். செவலை, கறுப்பி, கொண்டைக்காரி என்று. காலையில் அவள் அவற்றோடு பேசுவது எனக்குச் சமையலறைக்குக் கேட்கும். அவற்றை அடைக்க நான் செய்தது என்ன தெரியுமா? பின்புறம் இருந்த பழைய குளியலறையின் உடைந்த கதவுக்குக் கோழி வலை அடித்தேன். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலை. ஐப்பசி மாதம் ஒரு மழை ராத்திரி, தெருநாய்கள் அந்த வலையைத் துணி கிழிப்பது போலக் கிழித்துவிட்டன. மழைச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. காலையில் கதவைத் திறந்தவள் அவள். ஏழு கிடந்தன. அவள் என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் பின்பக்கக் கதவையே திறக்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியவனுக்கு அந்த ஒரு வாரம் போதுமான பாடமாக இருந்தது.

அன்று நான் கற்றுக்கொண்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். கோழி வலை என்பது கோழியை உள்ளே வைக்க. நாயை வெளியே வைக்க அல்ல. அதற்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வேண்டும். ஹார்டுவேர் கடையில் விலை கூடத்தான் சொல்வார்கள். பேரம் பேசுங்கள், ஆனால் வலையை மாற்றாதீர்கள்.

என் கூட்டின் அளவு ஆறடிக்கு நாலடி, உயரம் நாலடி. பத்துக் கோழிக்குப் போதும், பகலில் அவை வெளியே மேய்வதால். எங்கள் கரிசல் மண் ஒரு மழைக்கு நாலு நாள் காயாது. அதனால் இரண்டடி உயரக் கல்தூண் நாட்டி அதன்மேல் கூட்டை ஏற்றினேன். தரையிலேயே கட்டுவதானால் சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வலையை மண்ணுக்குள் படுக்கை வசத்தில் புதையுங்கள். தோண்ட வருகிற கீரிக்கு அங்கே வலை தட்டும்.

உள்ளே இரண்டு கம்புகள். கோழி தரையில் தூங்க விரும்பாது, கம்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும். ஒரு கோழிக்கு ஒன்பது அங்குலம் கணக்கு வையுங்கள். முட்டையிட நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி, கம்பைவிடத் தாழ்வாக. பெட்டி உயரத்தில் இருந்தால் ராத்திரி அதில் ஏறிப் படுத்து எச்சத்தால் நிரப்பிவிடும். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு வலை மட்டும் போட்டுக் காற்று போக வழி விடுங்கள். தகரக் கூரையானால் மேலே தென்னங்கீற்று வேயுங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சித்திரை வெயிலில் வெறும் தகரத்துக்கு அடியில் அடைப்பதும் அடுப்பில் வைப்பதும் ஒன்றுதான்.

செலவு எவ்வளவு என்பீர்கள். பழைய மரச்சட்டங்கள் வீட்டில் இருந்ததால் எனக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. நம்மில் பலர் கையில் இருக்கும் போனின் விலை அதைவிட அதிகம்.

இப்போது மைத்துனருக்கு வருகிறேன். மாப்ளே, நாற்றம் என்றீர்களே. கோழி எச்சத்தில் இருப்பது யூரிக் அமிலம். அது ஈரத்தோடு சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றும். மூக்கில் ஏறுவது அந்த அம்மோனியா. தரையில் மூன்று அங்குலம் நெல் உமி போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறி, ஈரமான இடத்தை அள்ளிவிட்டால் நாற்றம் ஏது? அள்ளியதை மூன்று மாதம் மக்க வைத்தால் செடிக்கு உரம். என் வீட்டுக் கத்தரிக்காயைப் போன மாதம் நீங்களே பை நிறைய வாங்கிப் போனீர்கள். நாற்றம் அடிக்கிறது என்றால் கோழியைக் குறை சொல்லாதீர்கள். வளர்ப்பவன் சோம்பேறி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சேவல் கூவிப் பக்கத்து வீட்டார் தூக்கம் கெடும் என்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அது பொரிக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். உங்கள் அம்மா, என் அத்தை, முட்டை விற்ற காசைச் சுருக்குப்பையில் முடிந்து வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்போது தூக்கிப்போன டிரங்குப் பெட்டி என் அம்மாவின் முட்டைக் காசு. நம் இரண்டு பேர் வீட்டிலும் பள்ளிக்கூடச் சம்பளத்தில் கோழிக்குப் பங்கு உண்டு. அதைக் கேவலம் என்று பந்தியில் சொன்னால் நம் அம்மாக்களைச் சொன்னதாக ஆகாதா?

அடுத்தது, இணையத்தில் விற்கிற "ரெடிமேட் கூண்டு". அடியிலும் கம்பி, மேலேயும் கம்பி, பன்னிரண்டு கோழி அடைக்கலாம் என்று விளம்பரம். கூண்டுப் பண்ணைகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. இறகை விரிக்க முடியாது, புழுதியில் புரள முடியாது. அந்த வகைக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் தடை செய்துவிட்டது. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017-இல் தந்த 269-ஆவது அறிக்கையில் கூண்டு முறைக்கு எதிராகப் பரிந்துரை செய்தது. பண்ணைக்காரருக்காவது பிழைப்பு என்று ஒரு காரணம் உண்டு. வீட்டுக்கு நாலு முட்டை வேண்டும் என்பதற்காகக் கொல்லையில் அதே கூண்டை வைக்கிறவருக்கு என்ன காரணம்? கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே.

திருவிழாக் கடையில் பச்சை, ரோஜா நிறத்தில் சாயம் முக்கிய குஞ்சுகளைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பண்ணையில் கழித்த சேவல் குஞ்சுகள். முதல் வாரக் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் வேண்டும். தாயின் இறகு இல்லையென்றால் குண்டு பல்பு வெளிச்சமாவது வேண்டும். அட்டைப்பெட்டியில் வைத்து மறுநாள் சாகக் கொடுத்தால், உயிர் என்பது உடைந்தால் வேறு வாங்கும் பொருள் என்றுதானே பிள்ளை படிக்கும்?

நோய் பற்றியும் ஒரு வரி. வெள்ளைக்கழிச்சல் வந்தால் மருந்து கிடையாது, தடுப்பூசிதான். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. கோழியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான் நம் வேலை. ராத்திரி அடைத்து வைத்த கோழியை விடியற்காலையில் பிடிப்பது சுலபம். மரத்தில் இருக்கும் கோழியை எப்படிப் பிடிப்பீர்கள்? கூடு இல்லாத வீட்டில் தடுப்பூசியும் நடக்காது.

எல்லோரும் கோழி வளருங்கள் என்று நான் சொல்லவில்லை. அடுக்குமாடியில் இருப்பவர்கள், மாதத்தில் பத்து நாள் வெளியூர் போகிறவர்கள், அந்தி நேரத்தில் வீட்டில் ஆளில்லாதவர்கள் வேண்டாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. வளர்ப்பதானால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கூடு. அது ஒரு மழையைத் தாங்கட்டும். பிறகு நாலு கோழி. நாலும் ஒரு வருடம் இருந்தால் பிறகு பத்து. குஞ்சை வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, "சார், கூடு எப்படிக் கட்டணும்?" என்று இனி யாரும் எனக்குப் போன் செய்யக் கூடாது. செய்தால் வகுப்பில் திட்டியது போலத் திட்டுவேன்.

பந்தியில் பேசிய மாணவருக்கு: தம்பி, உன் மேல் கோபம் இல்லை. மிச்சம் இருக்கும் மூன்றையும் இன்றைக்கே ஒரு பஞ்சாரம் வாங்கிக் கவிழ்த்து, மேலே கல் வைத்து, வீட்டுக்குள் வை. சனிக்கிழமை காலையில் அளவு நாடாவோடு வா. சட்டம் அறுக்க ரம்பம் என்னிடம் இருக்கிறது. டீச்சரம்மா சாப்பாடு போடுவாள், முட்டைக் குழம்பு.

மணி ஆறேகால் ஆகிறது. கம்பில் எட்டு ஏறிவிட்டன, இரண்டு இன்னும் வேலியோரம் நிற்கின்றன. எண்ணி அடைத்துவிட்டு வந்துதான் உங்கள் கருத்துகளுக்குப் பதில் போடுவேன்.