வீட்டுக் கணக்கு: தொலைதூரம் போய்வர ஒரு சிக்கனக் கார்



"கார் வாங்குவது ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று நம்மில் பலர் இன்னும் ஒதுங்கிக்கொள்கிறோம். நிறம் என்ன என்று கேட்டால் மட்டும் பதில் சொல்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். மாதத் தவணை போகப் போவது நம் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து. பின் சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்காரப் போவதும் நாம்தான். அப்படியிருக்க, கணக்கை மட்டும் ஏன் அடுத்தவரிடம் விட வேண்டும்?

எங்கள் கணியூர் என்றால் கோவை–சேலம் சாலையில் போகிறவர்களுக்கு டோல்கேட்தான் ஞாபகம் வரும். சுற்றிலும் சோமனூர்த் தறியும் திருப்பூர் பனியனும்தான் பிழைப்பு. பக்கத்து வீட்டு மருமகளுக்குத் தாய்வீடு சேலம். போன வருஷம் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் தளர்ந்துவிட்டன. கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. சனிக்கிழமைதோறும் இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் மாறிப் போய், ஞாயிறு ராத்திரி திரும்புவாள். வீட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனியில் வேலை. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் கார் எடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

"ஏனுங்க்கா, ஷோரூம்ல பெரிய வண்டியத்தான் எடுக்கச் சொல்றாங்க. தவணைய நீட்டித் தர்றாங்களாமா. ஆனா அம்மாவோட மருந்துச் செலவு ஒருபக்கம் நிக்குதுங்களே?" என்று என்னிடம் வந்தாள்.

"முதல்ல ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வா கண்ணு" என்றேன். நாங்கள் போட்ட கணக்கை அப்படியே இங்கே தருகிறேன். ஊரின் பெயரை மாற்றிக்கொண்டால் உங்களுக்கும் பொருந்தும்.

தூரம் எவ்வளவு?

கணியூரிலிருந்து சேலம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். போய்வர 280. வாரம் ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 14,560 கிலோமீட்டர். எந்தக் கார் என்பதை முடிவு செய்யும் எண் இதுதான். வாரம் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குச் சரியான வண்டி இவளுக்குச் சரிப்படாது.

மைலேஜ் என்ன?

கம்பெனிக்காரர்கள் சொல்லும் மைலேஜ் பரிசோதனையில் வந்த எண். நான் எப்போதும் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவேன். டிசையர் பெட்ரோல் கியர் வண்டிக்கு 24.79 என்று போட்டிருந்தால் 20 என்று வைத்துக்கொள்வது. ஷோரூமில் காட்டிய பெரிய வண்டிக்கு இதே மாதிரி கழித்தால் 15 வந்தது.

லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றால் வருஷத்துக்கு 728 லிட்டர். 15 என்றால் 971 லிட்டர். வித்தியாசம் 243 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வட்டமாகப் போட்டால் 24,300 ரூபாய், மாதம் இரண்டாயிரத்துக்கும் மேல். "இது அம்மாவுக்குப் பிசியோதெரபி செய்யறவருக்குக் குடுக்கற காசுங்க்கா!" என்றாள் அவள். ஆமாம், கணக்கு என்பதே அப்படித்தான். ஒரு ரூபாய் இங்கே போனால் எங்கோ ஓரிடத்தில் குறையும்.

டீசலா, பெட்ரோலா, கேஸா?

நெடுந்தூரம் என்றாலே டீசல் என்பது பழைய வழக்கு. இப்போது டீசல் ரகத்துக்கு லட்ச ரூபாய்க்குக் குறையாமல் கூடக் கேட்கிறார்கள். டீசல் லிட்டர் 93 ரூபாய், மைலேஜ் 22 என்று வைத்தால், அவளுடைய ஓட்டத்துக்கு வருஷச் செலவு சுமார் 61,600. பெட்ரோலுக்கு 72,800. மிச்சமாவது 11,200 ரூபாய்தான். கூடக் கொடுத்த லட்சம் திரும்பி வர ஒன்பது வருஷம் ஆகும்! அவளைப் போல இரண்டு மடங்கு ஓட்டுகிறவர்கள் டீசலைப் பற்றி யோசிக்கலாம்.

சி.என்.ஜி. கேஸ் வண்டிக்கு மைலேஜ் அதிகம். டிசையரிலேயே கிலோவுக்கு 33.73 என்கிறார்கள். ஆனால் பல வண்டிகளில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். அம்மாவின் சக்கர நாற்காலியை எங்கே வைப்பது? 2023 முதல் டாட்டாவில் இரண்டு சிறு சிலிண்டர்களை டிக்கியின் அடித்தளத்தில் பொருத்தி இடம் மிச்சப்படுத்துகிறார்கள். எதுவானாலும் நாற்காலியை ஷோரூமுக்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் பரிசோதனை உண்டு என்பதையும், போகிற வழியில் கேஸ் பங்க் எங்கெங்கே இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரியில் ஒளிந்திருக்கும் செலவு

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி. தாண்டக் கூடாது.

இன்னொன்று நம் மாநிலத்து ஆயுள் வரி. 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம்; அதற்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,80,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,27,400. "இன்னும் 70,000 தாங்க கூட" என்று 10,50,000 ரூபாய் வண்டியைத் தள்ளிவிட்டால் வரி 1,89,000! எழுபதாயிரம் என்று நினைத்தது ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேலே போய் நிற்கும். ஆகவே ஷோரூம் விலையைக் கேட்காதீர்கள். வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துச் சாலைக்கு வரும் விலையை எழுதி வாங்குங்கள்.

டோல்கேட் கணக்கு

எங்கள் ஊர், விஜயமங்கலம், வைகுந்தம் என்று சேலத்துக்குள் மூன்று சாவடி. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டாக் வருஷப் பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது 3,000 ரூபாய். ஒரு வருஷம் அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்குத்தான் இது. மாநிலச் சாலைகளுக்குச் செல்லாது. ஒரு சாவடியை ஒருமுறை தாண்டினால் ஒன்று. போய்வர ஆறு. வாராவாரம் போனால் 33 வாரத்தில் 200 தீர்ந்துவிடும். வருஷத்துக்கு இரண்டாவது பாஸுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு ஒரு பாஸ் தாராளம்.

சிக்கனம் செய்யக் கூடாத இடம்

நம் நாட்டிலேயே கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கியது. பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். தாய்மார்கள் இரண்டாவதையும் கேட்க வேண்டும். குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பின் சீட்டில் இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள்.

"மடியில் வெச்சுக்கிட்டாப் போதாதா?" என்பீர்கள். போதாது அம்மா. 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, நாலு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த வேகத்தில் பெற்ற தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. பின் சீட்டில், தனி இருக்கையில்தான் குழந்தை உட்கார வேண்டும். முன்னால் ஏர்பேக் உள்ள இடத்தில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் பெல்ட் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல், அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும்.

நோயாளிக்குச் சீட்டின் உயரம் முக்கியம். மிகத் தாழ்ந்திருந்தால் எழுந்திருக்க முடியாது. மிக உயர்ந்திருந்தால் ஏற முடியாது. முழங்கால் வலிக்கிற மாமியாரை ஷோரூமுக்குக் கூட்டிப்போய் நாலு தடவை ஏறி இறங்கச் சொன்னாள் என் பக்கத்து வீட்டுக்காரி. விற்பனைப் பையன் முதலில் சிரித்தான். அப்புறம் அவனே கதவைப் பிடித்துக்கொண்டான்.

பழைய வண்டி என்றால்

பணம் போதாவிட்டால் மூன்று நாலு வருஷம் ஓடிய வண்டி நல்லதுதான். ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் பாக்கி இருந்தால், அது நீங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். சர்வீஸ் ரசீதுகளில் உள்ள கிலோமீட்டரையும் மீட்டரையும் ஒத்துப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் வருஷத்து 23ஆவது வாரத்தில் செய்தது. தெரிந்த மெக்கானிக்கை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு

மைலேஜ் வண்டியில் பாதி, ஓட்டுகிறவர் காலில் பாதி. 80இல் போவதை 100 ஆக்கினால் எதிர்க்காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. அதைத் தள்ளப் பெட்ரோல்தான் எரிகிறது. கிளம்பும் முன் டயரில் காற்றுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். பெட்ரோல் மிச்சத்தோடு முதுகும் மிச்சம்!

கடைசியில் அவர்கள் எடுத்தது பெட்ரோல் டிசையர்தான். உங்கள் ஓட்டத்துக்கும் உங்கள் வீட்டு நோயாளிக்கும் வேறு வண்டி பொருந்தலாம். வண்டியின் பெயரைவிட அதற்குப் போட்ட கணக்கே முக்கியம். தவணை, எரிபொருள், டோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் ஐந்தையும் கூட்டி மாதத்துக்கு எவ்வளவு என்று ஒரே எண்ணாக எழுதுங்கள். அந்தத் தொகையை மூன்று மாதம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். மருந்தும் பாலும் பள்ளிக் கட்டணமும் தடங்கலில்லாமல் நடந்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். தடங்கினால், இன்னும் ஒரு படி சின்ன வண்டியாகப் பாருங்கள்.