சந்தேகத்தின் பலன் பிட்சருக்கே!

டிஸ்கி: இது கிரிக்கெட் பதிவு இல்லை. ஆனா நம்மாளுங்களுக்கு விளங்கணும்னா கிரிக்கெட் நடுநடுவுல எட்டிப் பாக்கும். பொறுத்தருள்க.

'சாஃப்ட்பால்'னு பேரு வெச்சாங்க பாருங்க, அதுதான் முதல் வினை. 1887-ல சிகாகோவுல ஒரு படகு கிளப்புக்குள்ள, குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டி ஆட ஆரம்பிச்சப்போ அது மெத்துனுதான் இருந்திருக்கும். இன்னைக்கு 12 இன்ச் சுற்றளவு சாஃப்ட்பாலோட எடை 177-லேர்ந்து 198 கிராம். நம்ம கிரிக்கெட் பந்து 156-லேர்ந்து 163 கிராம்தான். "மெத்து பந்து ஆட்டத்துக்கு இவ்ளோ சட்டமா?"ன்னு நக்கல் அடிக்கிறவங்க, அதை ஒரு தடவை தாடையில வாங்கிட்டு வந்து பேசுங்க சாமி.

வாரக் கடைசியில ஆபீஸ் டீமோட ஸ்லோ-பிட்ச் ஆடுற சுமாரான ஆள் நான். அதுலயும் பிட்சர். அதனால எனக்கு இதுல சொந்த அக்கறை உண்டுன்னு முதல்லயே சொல்லிடறேன்.

அம்பயர் ஒரு பேட்டைக் கையில வாங்கி, திருப்பிப் பாத்து, "இது வேணாம், வேற எடுத்துட்டு வா"ன்னு சொன்னா போதும், உடனே ஒரு கூட்டம் கிளம்பிடும். "அவர் என்ன எக்ஸ்ரே மெஷினா? நிரூபிக்கச் சொல்லு. நிரூபிக்க முடியலைன்னா பேட்டைக் குடு." கேக்கறதுக்கு நியாயம் மாதிரியே இருக்கும். எனக்கு அது சுத்த அபத்தமா படுது. ஏன்னு சொல்றேன்.

இந்த பேட்டுங்க மரம் இல்லை. அலுமினியம், அப்புறம் கார்பன் நார் கலந்த காம்போசிட். உள்ளே கூடு. மர பேட்ல அடிச்சா பந்துதான் நசுங்கும், நசுங்கறதுல வேகத்தில் ஒரு பங்கு வீணாகும். கூடு பேட்ல சுவரே உள்வாங்கி, திருப்பி உதைச்சு அனுப்பும். சுவர் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு உதை. அதனால அமெரிக்காவோட அமெச்சூர் சாஃப்ட்பால் சங்கம் (ஏஎஸ்ஏ, 2017-லேர்ந்து பேரு யுஎஸ்ஏ சாஃப்ட்பால்) 2004 தர அளவுல ஒரு கோடு போட்டுச்சு. லேப் சோதனைக் கணக்குப்படி, அடிபட்ட பந்து மணிக்கு 98 மைலைத் தாண்டக்கூடாது. தேறின பேட்டுக்கு ஒரு முத்திரை.

98 மைல்னா சுமார் 158 கிலோமீட்டர். ஸ்லோ-பிட்ச்ல பிட்சர் நிக்கறது 50 அடி தூரத்துல. கணக்குப் போட்டுப் பாருங்க, பந்து அவர்கிட்ட வந்து சேர சுமார் 0.35 செகண்ட். கிரிக்கெட்ல கிட்டத்தட்ட அதே வேகத்தை எதிர்கொள்ற பேட்ஸ்மேன் கையில பேட், கால்ல பேடு, தலையில ஹெல்மெட் எல்லாம் வெச்சுக்கிட்டு ரெடியா நிக்கறார். இங்க பிட்சர் இப்பதான் பந்தைப் போட்டுட்டு நிமிர்றார். கையில ஒரு கிளவுஸ். இது சட்டத்துக்கு உட்பட்ட பேட்டோட கணக்கு!

நம்ம கில்லாடிங்க அதோட விடுவாங்களா? மூடியைக் கழட்டி உள்சுவரைச் சீவறாங்க. ரெண்டு உருளைக்கு நடுவுல விட்டு கரும்பு பிழியற மாதிரி நசுக்கி, நாரைத் தளர்த்தறாங்க. சுவர் மெலிஞ்சு, இளகி, பந்து இன்னும் வேகமா கிளம்பும். வெளியிலேர்ந்து பாத்தா புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு நிக்கும்.

"என் பேட்ல முத்திரை இருக்கே!" இருக்கு ராசா. அந்த முத்திரை அந்த மாடல் எப்படித் தயாராச்சுன்னு சொல்லுது. அதுக்கப்புறம் உன் கராஜ்ல என்ன ஆச்சுன்னு சொல்லாது. பர்த் சர்ட்டிபிகேட்டைக் காட்டி "எனக்கு சுகர் இல்லை"ன்னு சொல்ற கதையால்ல இருக்கு? காம்போசிட் பேட், யாரும் கை வைக்காமலே, ஆட ஆட இளகி வேகம் கூடும்கறது இன்னொரு தலைவலி. ஆக, பேட் சொந்தக்காரர் சொக்கத்தங்கமா இருந்தாலும் பேட் எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

சரி, அம்பயர்கிட்ட என்ன இருக்கு? முத்திரை இருக்கான்னு பாக்கலாம். தடைப் பட்டியல்ல அந்த மாடல் இருக்கான்னு பாக்கலாம். 2¼ இன்ச் வளையத்துல பேட் நுழையுதான்னு பாக்கலாம். விரிசல், பள்ளம், ஆடற மூடி, உள்ள கடகட சத்தம் பாக்கலாம். அவ்வளவுதான். நெசமான சோதனைங்கறது பேட்டைப் பிடிச்சு மாட்டி, காத்தழுத்த பீரங்கியால பந்தைச் சுட்டு, திரும்பி வர்ற வேகத்தை அளக்கறது. வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டி லேப்ல அதுதான் பண்றாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பூங்கா மைதானத்துக்கு அந்த பீரங்கியைத் தூக்கிட்டு வர முடியுமா?

முடியாதுல்ல. அப்போ "நிரூபி, இல்லாட்டி பேட்டைக் குடு"ன்னா என்ன அர்த்தம்? எப்பவுமே பேட்டைக் குடுன்னு அர்த்தம். சந்தேகத்தோட பலன் எப்பவும் பேட்டுக்குன்னு அர்த்தம். "கிரிக்கெட்ல அப்படித்தானே, சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு"ன்னு ஒருத்தர் எங்கிட்ட மடக்கினார். அண்ணே, அங்க தப்பாப் போனா போறது ஒரு விக்கெட். இங்க போறது ஒருத்தரோட கண்ணு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

அதனால என் கட்சி இது: பேட்டை எடுக்கறதுக்கு அம்பயரோட நியாயமான சந்தேகமே போதும். லேப் ரிப்போர்ட் வேணாம், எக்ஸ்ரே வேணாம்.

இருங்க, கைதட்டிடாதீங்க. அம்பயர் பக்கத்துக்கும் ஒரு குட்டு இருக்கு.

பேட்டை எடுக்கறது வேற, ஆளைத் தண்டிக்கிறது வேற. சட்டவிரோத பேட்டோட கட்டத்துக்குள்ள கால் வெச்சாலே அவுட். திருத்தின பேட்னா அவுட்டோட ஆட்டத்தை விட்டே வெளியேத்தம். முத்திரை இல்லை, வளையத்துல நுழையலைன்னா அவுட் குடுங்க, அது கண்ணுக்குத் தெரியற தப்பு. ஆனா "சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு, பந்து ரொம்ப தூரம் போச்சு"ன்னு ஒருத்தரை ஊர் முன்னாடி ஏமாத்துக்காரன்னு முத்திரை குத்தி வெளியே அனுப்பறதுக்குக் காது போதாது. 2000-க்கு முன்னாடி தயாரான பழைய பேட் விஷயத்துல, 'சோதிச்சா தேறுமா'ங்கறதை அம்பயரோட சொந்த அபிப்ராயத்துக்கே விடற ஒரு வாசகம் ஏஎஸ்ஏ விதியில இருந்துச்சு. கண்ணாலயே பீரங்கி சோதனை! பேட்டை ஒதுக்க அந்த அதிகாரம் சரி. ஆளை ஒதுக்க அது சரியில்லை.

இதுக்கு பேஸ்பால்ல ஒரு பிரபலமான பாடம் உண்டு. 1983 ஜூலை 24, யாங்கி ஸ்டேடியம். கன்சாஸ் சிட்டியோட ஜார்ஜ் பிரெட் ஹோம் ரன் அடிச்சு 5-4 ஆக்கினார். பிடிமானத்துக்குத் தடவின பைன் தார் 18 இன்ச் எல்லையைத் தாண்டியிருக்குன்னு அம்பயருங்க அவரை அவுட் ஆக்கி மேட்சையே முடிச்சிட்டாங்க. லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் அதைத் திருப்பிப் போட்டார். பேட்டை ஆட்டத்திலேர்ந்து எடுத்திருக்கணும், ஆளை அவுட் ஆக்கியிருக்கக் கூடாதுங்கறதுதான் சாரம். ஆகஸ்ட் 18 அன்னைக்கு மீதி ஆட்டத்தை ஆடி முடிச்சாங்க. தார் பந்தைத் தூரமா அனுப்பாது, சீவின பேட் அனுப்பும், வித்தியாசம் தெரியும் எனக்கு. ஆனா பேட்டோட கணக்கையும் ஆளோட கணக்கையும் தனித்தனியா எழுதணும்கற பாடம் ரெண்டுக்கும் பொதுதான்.

நம்ம ஐபிஎல்லயே பாருங்க. 2025-ல மைதானத்துலயே அளவுகோலை வெச்சு பேட்டை சோதிச்சாங்க. ஏப்ரல்ல பஞ்சாபோட நடந்த மேட்ச்ல கொல்கத்தா சுனில் நரைனோட பேட் தேறலை. வேற பேட்டை எடுத்துட்டுப் போனார், கதை முடிஞ்சது. யாரும் அவரைத் திருடன்னு சொல்லலை. அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பால்ல மேட்சுக்கு முன்னாடியே பேட்டை அழுத்திப் பாக்கற கருவியில வெச்சு, தேறினதுக்கு ஸ்டிக்கர் ஒட்டறாங்க. தேறாததை ஓரமா வெச்சுடறாங்க. சண்டை இல்லை, சச்சரவு இல்லை.

"முன்னூறு நானூறு டாலர் குடுத்து வாங்கின பேட்டு சார்!"னு ஒரு அழுகை வரும். பேட்டை யாரும் பிடுங்கிக்கலையே அப்பு, இந்த ஆட்டத்துக்கு வேணாம்கறாங்க. "அம்பயர் எதிர் டீமுக்கு மாமன் மச்சானா இருந்தா?" நியாயமான பயம். அதுக்கு மருந்து: எந்த பேட், ஏன் எடுத்தேன்னு ரெண்டு வரி எழுதி ரெண்டு கேப்டன்கிட்டயும் கையெழுத்து வாங்கட்டும். லேப்ல தேறிச்சுன்னா சோதனைச் செலவு லீக்கோடது, அடுத்த வாரம் பேட் திரும்ப வரட்டும். தேறலைன்னா அப்போ போடுங்க தடையை, தாராளமா, ஒரு சீசன் முழுக்க.

தப்பா எடுக்கப்பட்ட பேட்டுக்குப் பதிலா இன்னொரு பேட் பையில இருக்கும். தப்பா விடப்பட்ட பேட்டுக்குப் பதிலா பிட்சர் மாத்திக்க இன்னொரு மூஞ்சி எந்தப் பையிலயும் இல்லை.

இதுக்கு மேலயும் "நிரூபி"ன்னு நிக்கறவங்க, ஹெல்மெட் இல்லாம அந்த 50 அடியில வந்து நில்லுங்க. நான் பேட் பண்றேன். ஆட்டோ எல்லாம் அனுப்பாம, மாத்துக் கருத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே :-)