இல்லப் பகுதி: பெரியவர்க்கு ஒரு மடிக்கணினி

சென்னைக்கும் இத்தீவுகட்கும் இடையே கடலடியில் இட்ட ஒளியிழை வடம் 10-8-2020 அன்று தொடங்கி வைக்கப்பெற்றது. ரங்கத்திலும் கமோர்ட்டாவிலும் உள்ள பாட்டனார், சென்னையிற் பயிலும் பேரனின் முகம் பார்த்துப் பேசுதல் எளிதாயிற்று. ஆதலின், ‘தந்தையார்க்கு எந்த மடிக்கணினி வாங்கலாம்?’ என்னும் வினா நம் இல்லங்களில் எழுகின்றது.

பலர் தாம் கழித்த பழங்கருவியையே அனுப்பி வைக்கின்றனர். இது சிக்கனம் ஆகாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 14-10-2025 உடன் நின்றுவிட்டன. ஓய்வூதியக் கணக்கைத் திறந்து பார்க்கும் கருவி காவலின்றிக் கிடத்தல் தகுமோ?

சிறியது வேண்டுமென்று 11 அங்குலத் திரையை நாடுவோர், பெரியவரின் மூக்குக் கண்ணாடியை மறந்தவராவர். 14 அங்குலம் தேவை. எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கட்டும். 8 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் அமைந்துவிட்டால், கடைக்காரர் அடுக்கும் ஏனைய பெருமைகட்குப் பணம் தரவேண்டுவதில்லை.

ஆங்கில எழுத்தறியாத அன்னையர்க்குத் தமிழ்99 விசைப்பலகை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமுமாக அமைந்த இம்முறை, விண்டோஸ் 11-இலேயே அடங்கியுள்ளது. விசைகளின்மேல் தமிழ் எழுத்துச் சீட்டுகளை ஒட்டிக் கொடுக்க.

பழுதுற்றால் சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். மீளவும் அத்தனை நாள். எனவே, போர்ட் பிளேரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரத்தில், அக்கருவியைச் செப்பனிடுவார் உளரா என்று வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். உப்புக்காற்று வீசும் சாளரத்தருகே வைக்கவேண்டா.

வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி இரகசிய எண் கேட்பாரிடம் ஒன்றும் சொல்லலாகாது என்பதையும், பணம் பறிபோயின் உடனே அழைக்கவேண்டிய 1930 என்னும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, விசைப்பலகையின் ஓரத்தில் ஒட்டுக.