கேட்டால் மட்டும் போதாது

ஒரு சிற்றூரின் சமுதாயக் கல்லூரி வகுக்கும் ஐந்தாண்டுத் திட்டம் அந்தக் கல்லூரியின் சொந்த விவகாரம் அல்ல. செவிலியர் பயிற்சி தொடருமா, வெல்டிங் பட்டறைக்குப் புதிய கருவிகள் வருமா, வேலை முடித்து வருவோருக்கு மாலை வகுப்பு உண்டா, தொலைவில் உள்ள கிளை மையம் திறந்திருக்குமா என்பதையெல்லாம் அந்த ஆவணமே தீர்மானிக்கிறது. பெருநகரில் ஒரு கல்லூரி ஒரு படிப்பை நிறுத்தினால் மாணவர் பேருந்தேறி வேறொரு கல்லூரிக்குப் போய்விடலாம். ஒரே ஒரு கல்லூரி உள்ள மலைப் பகுதியில் அந்தப் படிப்பே இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் இத்தகைய கல்லூரிகள் திட்டம் தீட்டும்போது ஊராரிடம் கருத்துக் கேட்பது நடைமுறையாகிவிட்டது. சொன்ன கருத்து என்ன ஆயிற்று என்று எழுத்தில் பதில் தரும் கடமை மட்டும் இன்னும் வரவில்லை. அது வர வேண்டும். 116 கல்லூரிகளுடன் அந்நாட்டின் மிகப் பெரிய சமுதாயக் கல்லூரி அமைப்பாக விளங்கும் கலிபோர்னியாவில் முதலில் வர வேண்டும்.

ஊராரின் பங்கு இக்கல்லூரிகளுக்கு யாரோ பிற்காலத்தில் அளித்த சலுகை அல்ல. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உள்ளூர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி இரண்டாண்டுக் கல்லூரி ஒன்று தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை முடிக்க வேண்டும் என்ற உள்ளூர்த் தேவையே அதன் வித்து. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947இல் தன் அறிக்கையில் இத்தகைய நிறுவனங்களை நாடெங்கும் பெருக்கச் சொன்னது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவலானதும் அந்த அறிக்கைக்குப் பிறகுதான். கலிபோர்னியாவில் கல்லூரியை நடத்தும் உள்ளூர் அமைப்பான கல்லூரி மாவட்டத்தின் அறங்காவலர்களை அப்பகுதி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரின் வரிப்பணமும் ஊரின் வாக்கும் சேர்ந்து நடத்தும் நிறுவனம், தன் எதிர்காலத்தை முடிவு செய்யும்போது ஊருக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டது.

இதன் அருமை சூசன்வில் போன்ற ஊரில்தான் தெரியும். கலிபோர்னியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள லாசன் கவுண்டியின் தலைநகர் அது. கவுண்டியின் பரப்பு 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள்தொகை முப்பதாயிரத்தை ஒட்டியது. 1925இல் தொடங்கிய லாசன் சமுதாயக் கல்லூரி அங்கே இருக்கிறது. மரம் அறுத்துப் பிழைத்த ஊர் அது. 2004இல் ஊரின் மர ஆலை மூடப்பட்டது. அதற்கு முன்பே சிறைச்சாலைகள் பெரிய வேலைவாய்ப்பாகிவிட்டன: 1963இல் ஒன்று, 1995இல் இன்னொன்று. 2021 ஏப்ரலில் பழைய சிறையை மூடப்போவதாக மாநில அரசு அறிவித்தது. நகராட்சி நீதிமன்றம் சென்றும் பயனில்லை. 2023 ஜூனில் அது மூடப்பட்டது. இடையே, 2021 கோடையில் டிக்ஸி காட்டுத்தீ இந்தக் கவுண்டியையும் அண்டைக் கவுண்டிகளையும் சேர்த்து ஏறக்குறைய 3,90,000 ஹெக்டேரை எரித்தது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்லூரி அடுத்த ஐந்தாண்டுக்கு எதைத் திட்டமிடுவது? சிறைக் காவலர் வேலையை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இனி எந்தத் தொழிலுக்குப் போவார்கள்? வேலையிழந்த நடுவயதுக்காரர் எத்தனை மாத வகுப்புக்குத் தாக்குப்பிடிப்பார்? எரிந்த காட்டைச் சீரமைக்கும் வேலைக்கு உள்ளூர் ஆட்களைப் பழக்குவதா, அல்லது அந்த வேலை வெளியூர் ஒப்பந்ததாரர்களோடு வந்து அவர்களோடே போய்விடுமா? சேர்க்கை விவரத்தையும் வேலைவாய்ப்புக் கணிப்பையும் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் இவற்றுக்கு முழு விடை கிடைக்காது. பாதி விடை அந்தக் குடும்பங்களிடமும் மருத்துவமனையிலும் வனத்துறை முகாமிலும் சூசன்வில் பழங்குடிக் குடியிருப்பிலும்தான் இருக்கிறது. நல்லெண்ணத்தைக் காட்டிக்கொள்ளக் கருத்துக் கேட்பது வேறு. இங்கே, கேட்காமல் எழுதும் திட்டம் வெறும் அனுமானமாகவே நிற்கும்.

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 1953இல் வந்த பிரவுன் சட்டப்படி, அறங்காவலர் குழுவின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொருள்பட்டியலை வெளியிட வேண்டும். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். 1988இல் வந்த ஏபி 1725 என்னும் சட்டம் ஆசிரியர் பேரவைக்குக் கல்வி சார்ந்த விஷயங்களில் வலுவான இடம் தந்தது; ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் முடிவெடுப்பில் பங்கேற்கும் வாய்ப்பை உறுதி செய்தது. தொழிற்கல்விக்கான மத்திய நிதியைப் பெறும் கல்லூரிகள், 2018இல் புதுப்பிக்கப்பட்ட பெர்கின்ஸ் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது உள்ளூர்த் தேவைகளை மதிப்பிட வேண்டும். அதில் தொழில் நிறுவனங்கள், பெற்றோர், பழங்குடி அமைப்புகள், பின்தங்கிய பிரிவினரின் பிரதிநிதிகள் எல்லாரையும் கலந்துபேச வேண்டும்.

இத்தனை இருந்தும் ஓட்டை எங்கே? கல்லூரிக்குள் இருப்பவர்களுக்கு, அதிலும் ஆசிரியர் பேரவைக்கு, சட்டம் பங்கை வரையறுத்துக் கொடுத்திருக்கிறது. வெளியே இருக்கும் ஊராருக்குப் பேசும் உரிமை மட்டுமே கிடைத்திருக்கிறது. பொருள்பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றி ஒருவர் எழுந்து பேசினால் அறங்காவலர்கள் அதை அங்கே விவாதிக்கவும் கூடாது. சுருக்கமாக ஒரு வார்த்தை சொல்லலாம், அலுவலர்களிடம் அனுப்பலாம். ரகசிய விவாதத்தைத் தடுக்க வந்த விதி அது, நோக்கம் நல்லது. ஆனால் இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு அமர்கிறவருக்கு அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று தெரிய வழியில்லை. பெர்கின்ஸ் மதிப்பீடு தொழிற்பிரிவுகளோடு நின்றுவிடுகிறது. நூலக நேரமோ, ஆங்கிலம் கற்க வருவோரின் வகுப்போ, கிளை மையமோ அதற்குள் வராது.

இதே கலிபோர்னியாவில், இதே கல்லூரி ஒரு பெரிய கட்டடம் கட்ட முனைந்து அதற்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தேவைப்பட்டால் நிலைமை தலைகீழ். 1970ஆம் ஆண்டின் மாநிலச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி, வரைவு அறிக்கையின் மீது வரும் சுற்றுச்சூழல் சார்ந்த கருத்துகளை ஆராய்ந்து எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்காத யோசனைக்குக் காரணம் சொல்ல வேண்டும். மத்திய அரசுத் துறைகளும் 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டத்துக்குப் பிறகு, விதிகள் இயற்றும்போது மக்கள் கருத்தைப் பரிசீலித்து, முடிவின் அடிப்படையை வெளியிட்டே வருகின்றன. வாகன நிறுத்தக் கட்டடத்தின் நிழல் பக்கத்துத் தெருவில் விழுவது பற்றிக் கேட்டால் பதில் உண்டு. செவிலியர் பயிற்சியை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லக் கட்டாயமில்லை. இந்த முரணுக்கு நியாயம் கிடையாது.

பதில் சொல்லும் கட்டாயம் வந்தால் கேட்கும் முறையும் மாறும். இப்போது வரைவு முழுதாக எழுதப்பட்ட பிறகு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம், முன்கூட்டியே தேர்ந்த ஐந்து விடைகளோடு ஒரு வினாத்தாள் என்று வேலையை முடித்துக்கொள்வது எளிது. வேலை நாளின் நடுப்பகலில் கூட்டம் வைத்தால் கல்லூரி ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் வருவார்கள். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரமாகப் படிப்பவர்கள். பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது. படிக்க நினைத்துச் சேராமல் போனவர், சேர்ந்து பாதியில் நின்றவர், பனிக்காலத்தில் எண்பது கிலோமீட்டர் காரோட்டி வர முடியாதவர் ஆகியோரின் அனுபவமே திட்டத்துக்கு மிக முக்கியம். கூட்டத்துக்கு அறவே வராதவர்களும் இவர்கள்தான். லாசன் போன்ற கல்லூரிகளில் சிறைக்குள் இருந்து படிக்கும் மாணவர்களும் உண்டு. 2014இல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று சிறைக்குள்ளேயே நேரடி வகுப்பு நடத்தும் செலவை ஈடுகட்ட வழி செய்த பிறகு கலிபோர்னியாவில் இத்தகையோர் பெருகினர். கல்லூரியின் முழு மாணவர்களாகிய அவர்களால் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. காகிதத்தில் கேட்டு, காகிதத்தில் பதில் தருவதே அவர்களை எட்டும் ஒரே வழி.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. சிறிய கல்லூரியில் ஆய்வுப் பிரிவு என்பது ஒருவரோ இருவரோதான். அவர்களே மாநிலத்துக்கு அறிக்கை எழுதுகிறார்கள், தர அங்கீகாரத்துக்கான சுயமதிப்பீடும் தயாரிக்கிறார்கள். இன்னும் ஒரு ஆவணத்தை அவர்கள் தலையில் கட்டுவது சரியா என்ற கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. ஒரே கருத்தைப் பலர் சொன்னால் ஒரே பதிலில் அடக்கலாம் என்று விதி இருந்தால் சுமை பெரிதும் குறையும். மிச்சச் செலவை மாநிலம் ஏற்க வேண்டும். மாநிலம் சுமத்தும் கடமைக்கு மாநிலமே பணம் தருவதுதான் முறை. உரக்கப் பேசும் சிலர் திட்டத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு அவ்வளவு அடிப்படை இல்லை. காரணம் எழுதி மறுக்கும் உரிமை கல்லூரிக்கு இருக்கும்போது சத்தம் ஒரு வாதமாகிவிடாது.

தர அங்கீகாரக் குழுவைத் திருப்திப்படுத்தத் திட்டம் எழுதினால் போதும் என்ற மனநிலைதான் ஆபத்தானது. கலிபோர்னியாவின் காம்ப்டன் கல்லூரி 2006இல் அங்கீகாரத்தை இழந்து, அண்டைக் கல்லூரி ஒன்றின் கிளையாகப் பல ஆண்டுகள் இருந்து, 2017இல்தான் மீண்டது. சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரிக்கு 2012இல் எச்சரிக்கை வந்தது. 2013இல் அங்கீகாரத்தை நீக்க முடிவானது. வழக்குகளுக்குப் பின் 2017இல் அங்கீகாரம் மீண்டும் உறுதியானது. இரண்டு இடங்களிலும் திட்டமிடலிலும் நிதி நிர்வாகத்திலும் குறைகள் இருந்தன. இரண்டிலும், மக்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர்களின் அதிகாரம் மாநிலம் நியமித்த ஒரு சிறப்பு அறங்காவலரிடம் போயிற்று. அங்கீகாரக் குழுவுக்காக எழுதிய ஆவணம் நெருக்கடியில் துணை நிற்காது. ஊருக்குத் தெரிந்த, ஊர் வாதாடி ஏற்ற திட்டத்தைக் காக்க ஊர் வரும்.

நிதிச் சூத்திரமும் திட்டத்தை ஒரு பக்கமாக இழுக்கிறது. 2018இல் கலிபோர்னியா புகுத்திய முறையில் ஏறக்குறைய 70 விழுக்காடு நிதி சேர்க்கைக்கு. 20 விழுக்காடு வறிய மாணவர் எண்ணிக்கைக்கு. 10 விழுக்காடு பட்டம், சான்றிதழ், பல்கலைக்கழகத்துக்கு மாறுதல் போன்ற வெற்றிக் கணக்குக்கு. வறியவர்களுக்குத் தனிப்பங்கு ஒதுக்கியது பாராட்டத்தக்கது. ஆனால் ஒரே ஒரு பற்றவைப்பு வகுப்பு எடுத்துவிட்டு வேலைக்குப் போனவரின் பயன் வெற்றிக் கணக்கில் சரியாக ஏறுவதில்லை. ஊராரின் குரல் எழுத்தில் பதிவானால்தான் எண்ணில் ஏறாத இத்தகைய பயன்களும் அறங்காவலர்களின் கண்ணில் படும்.

திட்டம் எழுதியதோடு வேலை முடிவதில்லை என்பதைத் தன் நெறியிலேயே வைத்திருக்கும் கல்லூரியும் உண்டு. நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியில் 1968இல் நிறுவப்பட்ட டினே கல்லூரி அமெரிக்காவின் முதல் பழங்குடிக் கல்லூரி. அதன் கல்வி நெறியில் நான்கு படிகள் உண்டு: சிந்தித்தல், திட்டமிடல், வாழ்தல், பிறகு அடைந்ததைத் திரும்பிப் பார்த்து உறுதி பெறுதல். திட்டமிடல் இரண்டாம் படியே. மற்றக் கல்லூரிகள் பல அங்கேயே நின்றுவிடுகின்றன.

இந்தியாவுக்கும் இது தொடர்புள்ள சேதி. அமெரிக்க முன்மாதிரியைப் பார்த்து 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென ஒரு திட்டமே கொண்டுவந்தது. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு, பின்னூட்டம் பெற்றால் அதை ஆராய்ந்து எடுத்த நடவடிக்கையை வெளியிடுவதற்கு மதிப்பெண் வைத்திருந்தது. இந்த ஒரு விஷயத்தில் இந்திய விதி கலிபோர்னியாவுக்கு முன்னோடி. ஆனால் அந்தப் பட்டியலில் மாணவர், ஆசிரியர், வேலை தருவோர், முன்னாள் மாணவர் இருந்தார்கள். கல்லூரியைச் சுற்றி வாழும் ஊரார் இல்லை.

கலிபோர்னியச் சட்டமன்றம் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. கல்விச் சட்டத் தொகுப்பில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். வரைவு எழுதும் முன்பே கல்லூரி மாவட்டம் தேவைகளைக் கேட்க வேண்டும். சிறைக்குள் படிப்பவர்களுக்கும் கிளை மையங்களுக்கும் அஞ்சலில் வினாக்கள் போக வேண்டும். வரைவு வெளியான பிறகு குறைந்தது 60 நாள் அவகாசம் தர வேண்டும். ஏற்ற கருத்து எந்தப் பக்கத்தில் இடம்பெற்றது, அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கீடு, ஏற்காததற்கு என்ன காரணம் என்று காட்டும் பதில் ஆவணம் வெளியாகி 30 நாள் கழிந்த பின்பே அறங்காவலர் குழு திட்டத்தை வாக்கெடுப்புக்கு விடலாம் என அந்தப் பிரிவு சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் கூட்டத்திலேயே அந்த ஆவணத்தின் நிலவரமும் பொருள்பட்டியலில் தனி இனமாக இடம்பெற வேண்டும். அப்போது ஊரார் எழுந்து கேட்டால் அறங்காவலர்கள் அங்கேயே விவாதிக்க பிரவுன் சட்டமும் தடையாகாது.